முதலில் உங்களை அல்ல, அப்பாவைச் சோதியுங்கள்

கேள்வி: எனக்கு 29 வயது. திருமணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. அப்பாவுக்கு இப்போது 55. ஏழு வருடங்களாக நடை தள்ளாடுகிறது, இரண்டு வருடமாகப் பேச்சும் குழறுகிறது. வெளியே போனால் குடித்திருக்கிறாரா என்று கேட்கிறார்கள். அவர் குடியைத் தொட்டதே இல்லை. ஸ்கேனில் சிறுமூளை சுருங்கியிருப்பதாகச் சொன்னார்கள். தாத்தாவுக்கும் (அப்பாவின் அப்பா) இதே தள்ளாட்டம் இருந்தது, ஆனால் அறுபது தாண்டித்தான் வந்தது. நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிக் கடைசிவரை ஊசி போட்டார்கள். அம்மா வழியில் என் மாமாவுக்கு வேறு மாதிரி. சின்ன வயதிலிருந்தே பாதம் வளைந்து, கெண்டைக்கால் மெலிந்து, நடக்கும்போது முன்பாதம் தொங்கும். இரண்டு பக்கமும் நரம்பு வியாதி என்று பயந்துபோய், எச்சில் மாதிரி அனுப்பி 'முழு எக்ஸோம்' மரபணுச் சோதனை செய்துகொண்டேன். நோய்க்குக் காரணமான மாற்றம் எதுவும் இல்லை என்று வந்தது. கடைசிப் பக்கத்தில் மட்டும் 'வில்சன் நோய்: கேரியர்' என்று ஒரு வரி இருக்கிறது. இனி நான் நிம்மதியாகக் குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? தம்பிக்கு 16 வயது. அவனுக்கும் இதே சோதனையைச் செய்துவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

உங்கள் நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கையில் இருக்கும் அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு, அப்பாவின் நோய் உங்களுக்கு வராது என்று யாராலும் சொல்ல முடியாது. அப்பாவுக்கு இருக்கக்கூடிய நோயை அந்தச் சோதனை தேடவே இல்லை என்பதுதான் காரணம். வந்துவிடும் என்றும் இதற்கு அர்த்தம் இல்லை. பணம் கட்டுவதற்கு முன் எந்த இடத்தில் இருந்தீர்களோ, அப்பா விஷயத்தில் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறீர்கள்.

ஏன் என்று விளக்குகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியதிலேயே மூன்று துப்புகள் இருக்கின்றன. தள்ளாட்டம், குழறல், சிறுமூளைச் சுருக்கம் மூன்றும் சேர்ந்து வந்தால் நாங்கள் 'அட்டாக்ஸியா' என்போம். கை கால்களில் பலம் இருக்கும், ஆனால் அசைவுகளை அளந்து ஒழுங்குபடுத்தும் சிறுமூளை தன் வேலையைச் சரியாகச் செய்யாது. அதனால்தான் பார்ப்பவர்களுக்குக் குடிபோதை போலத் தெரிகிறது. மதுவும் சிறுமூளையைத் தடுமாற வைக்கும் என்பதால், ஒற்றுமை தற்செயலானதல்ல. இரண்டாவது துப்பு, தாத்தாவுக்கு இருந்து அப்பாவுக்கும் வந்திருப்பது. தலைமுறை தாண்டாமல் தகப்பனிடமிருந்து மகனுக்கு நேராக வந்தால் அது பெரும்பாலும் ஓங்கு பண்பாகக் கடத்தப்படும் நோய். ஒவ்வொரு மரபணுவும் நமக்கு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக இருக்கும்; இந்த வகையில் பழுதுபட்ட ஒரே ஒரு பிரதி போதும். மூன்றாவது துப்பு, தாத்தாவுக்கு அறுபதுக்கு மேல் வந்தது அப்பாவுக்கு நாற்பத்தெட்டிலேயே வந்துவிட்டது. மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது என் மனதில் முதலில் வருவது 'ஸ்பைனோசெரிபெல்லார் அட்டாக்ஸியா' என்ற நோய்க்குடும்பம். வாயில் நுழையாத பெயர். எஸ்சிஏ என்று வைத்துக்கொள்வோம். இதில் நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். எஸ்சிஏ 1, 2, 3, 6, 7 ஆகியவை உலகெங்கும் அடிக்கடி பார்க்கப்படுபவை.

இப்போது பழுது எப்படிப்பட்டது என்று பாருங்கள். மரபணு என்றால் ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட வாசகம். மரபணுப் பழுது என்றதும் எல்லோரும் நினைப்பது எழுத்துப்பிழையை: ஓரிடத்தில் 'ஏ' இருக்க வேண்டியது 'ஜி' ஆகிவிட்டது என்பது போல. பல நோய்களில் அப்படித்தான். ஆனால் நான் மேலே சொன்ன ஐந்து வகையிலும் எழுத்து எதுவும் மாறவில்லை. 'சி-ஏ-ஜி' என்ற மூன்றெழுத்து அங்கே இயல்பாகவே சில முறை திரும்பத் திரும்ப வரும். எல்லோருக்கும் வரும், உங்களுக்கும் எனக்கும். நோயுள்ளவர்களுக்கு அது அளவு மீறி நீண்டுவிடுகிறது. பாகவதர் பல்லவியை விட்டு நகராமல் அதையே பாடிக்கொண்டிருப்பது மாதிரி. ஒவ்வொரு சி-ஏ-ஜிக்கும் குளுட்டமின் என்ற அமினோ அமிலம் ஒன்று புரதத்தில் கோக்கப்படும். கோவை நீளமானால் அந்தப் புரதம் சரியாக மடங்காமல் செல்லுக்குள் கட்டிகட்டியாகத் தங்கி, பல வருடங்களில் நரம்புச் செல்லைக் கொல்கிறது. பிறக்கும்போதே இருக்கும் பழுது நாற்பது ஐம்பது வயதில் தலைகாட்டுவது இந்த மெதுவான சேதத்தால்தான்.

எத்தனை முறை வந்தால் அதிகம் என்பது மரபணுவுக்கு மரபணு வேறுபடும். எஸ்சிஏ 6-ல் 20 முறை வந்தாலே நோய். எஸ்சிஏ 3-ல் 44 வரை ஆபத்தில்லை, சுமார் 60-ஐத் தொட்டால்தான் நோய். இவற்றுக்கு நெருங்கிய சொந்தமான, கை கால் தானாக அசையும் ஹன்டிங்டன் நோயில் (அதிலும் இதே சி-ஏ-ஜிதான், நான்காம் குரோமோசோமில்) 36-லிருந்து ஆபத்து தொடங்கும், 40-ஐத் தாண்டினால் இயல்பான ஆயுளுக்குள் நோய் வராமல் இருப்பது அரிது. எனவே சோதனைக்கூடம் 'மாற்றம் இருக்கிறது, இல்லை' என்று மட்டும் சொன்னால் போதாது. எண்ணிச் சொல்ல வேண்டும்.

அந்த எண்ணிக்கைதான் எக்ஸோம் சோதனைக்கு வராத கணக்கு. எக்ஸோம் முறையில் டிஎன்ஏவைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிப் படிப்பார்கள். ஒரு தடவை படிப்பது வழக்கமாக 150 எழுத்து அளவுதான். படித்த துண்டுகளைக் கணினி அதனதன் இடத்தில் பொருத்தும். 40 முறை சி-ஏ-ஜி என்றால் அதுவே 120 எழுத்து. 70 முறை என்றால் 210 எழுத்து; துண்டைவிடப் பெரிது. துண்டு முழுக்க சி-ஏ-ஜி, சி-ஏ-ஜி என்றே இருந்தால் அதை எங்கே வைப்பது, இப்படி எத்தனை துண்டு அடுக்கினால் உண்மையான நீளம் வரும் என்று கணினிக்குத் தெரியாது. பல்லவியை மட்டும் துண்டு துண்டாகப் பதிவு செய்து கொடுத்துவிட்டு, கச்சேரியில் அதை எத்தனை முறை பாடினார் என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? சில நோய்களில் இன்னும் மோசம். ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியா என்ற இன்னொரு தள்ளாட்ட நோயில் நீளும் பகுதி மரபணுவின் 'இன்ட்ரான்' என்ற இடைவெளிப் பகுதியில் இருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேல் தள்ளாட்டம் தரும் எஸ்சிஏ 27பி என்ற வகையை 2023 வாக்கில்தான் அடையாளம் கண்டார்கள், அதிலும் அப்படியே. எக்ஸோம் என்பது பெயருக்கேற்றபடி எக்ஸான் பகுதிகளை, அதாவது புரதம் செய்வதற்கான வாசகம் இருக்கும் பகுதிகளை, படிக்கும் சோதனை. இன்ட்ரானின் உட்பகுதிக்குள் அது போவதே இல்லை.

இவ்வளவையும் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் 'இச்சோதனையின் வரம்புகள்' என்ற தலைப்பில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். எடுத்துப் பாருங்கள், 'மீள்வரிசை நீட்சிகளை இச்சோதனை கண்டறியாது' என்ற பொருளில் ஒரு வாக்கியம் அநேகமாக இருக்கும் (சி-ஏ-ஜி போலத் திரும்பத் திரும்ப வருவதுதான் மீள்வரிசை, அது அளவு மீறி நீள்வதுதான் நீட்சி). சோதனைக்கூடத்தை நான் குறை சொல்லவில்லை. யாரும் வாசிக்காத இடத்தில் மிக முக்கியமான வாக்கியத்தை வைக்கும் பழக்கத்தைத்தான் குறை சொல்கிறேன்.

எஸ்சிஏக்கான சோதனை எக்ஸோமைவிட எளிமையானது. குறிப்பிட்ட இடத்தை மட்டும் பிசிஆர் முறையில் பெருக்கி நீளத்தை அளப்பார்கள். 'எஸ்சிஏ ரிப்பீட் பேனல்' என்று கேட்டால் நரம்பியல் மருத்துவருக்குப் புரியும். அந்தப் பேனலில் எந்தெந்த எண்கள் அடங்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லாப் பேனலும் ஒன்றல்ல.

அதை யாருக்குச் செய்வது என்பதில்தான் நீங்கள் தடம் மாறிவிட்டீர்கள். நோய் இருப்பவர் அப்பா. அவரைச் சோதிக்காமல் ஆரோக்கியமாக இருக்கும் உங்களைச் சோதிப்பது, எது தொலைந்தது என்றே தெரியாமல் வீடு முழுக்கத் தேடிவிட்டு 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று சொல்வது போல. அப்பாவுக்கு, உதாரணமாக, எஸ்சிஏ 2 என்று உறுதியானால் அதன்பின் உங்களுக்குத் தேவைப்படுவது அந்த ஓரிடத்தை மட்டும் அளக்கும் ஒரு சோதனை. அதில் இல்லை என்று வந்தால் அது உண்மையான 'இல்லை'. உங்கள் பிள்ளைகளுக்கும் அந்த நோய் உங்கள் வழியாகப் போகாது. அப்பாவின் விடை தெரியாமல் உங்களுக்கு வரும் எந்த 'இல்லை'க்கும் அந்த மதிப்பு கிடையாது.

அதற்கும் முன்னால் ஒரு படி உண்டு, அதைத் தாண்டிவிடாதீர்கள். குடும்பத்தில் இருக்கிறது என்பதாலேயே மரபணுதான் என்று முடிவுகட்டி, திருத்தக்கூடிய காரணங்களைப் பார்க்காமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்கு பி12, தைராய்டு, வைட்டமின் ஈ அளவுகள் பார்த்தாகிவிட்டதா? வலிப்புக்கு ஃபெனிடோயின் போன்ற மாத்திரை நீண்டகாலம் சாப்பிட்டாரா? வைட்டமின் ஈ ஏன் என்றால், அதை உடம்பில் தக்கவைக்க முடியாமல் செய்யும் மரபணுப் பழுது ஒன்று இருக்கிறது. அதுவும் அட்டாக்ஸியாவாகத்தான் வெளிப்படும். அதிக அளவில் வைட்டமின் ஈ கொடுத்தால் நோய் அதற்கு மேல் போகாமல் நிறுத்தலாம். உங்கள் குடும்பத்தின் கதை அதற்குப் பொருந்தவில்லை, அது இளம் வயதில் வரும் ஒடுங்கு வகை, அதாவது இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் வரும். ஆனாலும் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயத்தை ஏன் விட வேண்டும்?

மருத்துவரிடம் போவதற்கு முன் அப்பாவிடம் நீங்களே சிலவற்றைக் கவனிக்கலாம். பக்கவாட்டில் ஒன்றைப் பார்க்கச் சொன்னால் கண் சட்டென்று தாவுகிறதா, இல்லை நத்தை போல மெதுவாக நகர்கிறதா? மெதுவாக என்றால் எஸ்சிஏ 2 பக்கம் சந்தேகம் கூடும். பார்வையே மங்கி வருகிறது, நிறம் பிரித்தறிவது கஷ்டமாக இருக்கிறது என்றால் எஸ்சிஏ 7. தள்ளாட்டத்துக்குப் பல வருடம் முன்பே கை நடுக்கம் வந்திருந்தால் எஸ்சிஏ 12. இது நீங்கள் நோயைக் கண்டுபிடிப்பதற்காக அல்ல. கேட்கும்போது 'ஆமாம், இல்லை' என்று சொல்ல முடிந்தால் மருத்துவருக்கு நேரம் மிச்சம்.

தாத்தாவுக்குச் சொன்ன 'நரம்புத் தளர்ச்சி' பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பாடப்புத்தகம் எதிலும் இல்லாத நோய் அது. கை நடுக்கம், கால் மரத்தல், மனச்சோர்வு, தூக்கமின்மை, அட்டாக்ஸியா எல்லாவற்றையும் அந்த ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, மேலே ஒரு சத்து ஊசியைக் குத்திவிடுவார்கள். அந்தப் பெயரால் குடும்பம் இழந்தது ஊசிக்கான பணத்தை மட்டுமல்ல, இரண்டு தலைமுறைக்கான தகவலையும் சேர்த்து.

இப்போது வயதுக் கணக்கு. 'தாத்தாவுக்கு அறுபது, அப்பாவுக்கு நாற்பத்தெட்டு, அப்படியானால் எனக்கு முப்பத்தாறு' என்று ராத்திரியில் கணக்குப் போட்டிருப்பீர்கள். இல்லையென்றால் சந்தோஷம். போட்டிருந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். மீள்வரிசை அடுத்த தலைமுறைக்குப் போகும்போது நீளக்கூடும், குறிப்பாகத் தகப்பன் வழியாகப் போகும்போது. நீளம் கூடினால் நோய் சீக்கிரம் தொடங்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் எல்லா வகையிலும் அப்படி நீளாது; எஸ்சிஏ 6-ல் அநேகமாக மாறுவதே இல்லை. நீளம் தெரிந்தாலும் வயதைத் துல்லியமாகச் சொல்ல முடியாது, ஒரே நீளம் உள்ள இருவருக்குப் பத்து இருபது வருட வித்தியாசத்தில் நோய் வருவதுண்டு. தவிர, தாத்தாவின் தள்ளாட்டத்தை வயதானவர் என்று பல வருடம் யாரும் பொருட்படுத்தாமல் இருந்திருக்கலாம். அப்பாவுடையதை நீங்கள் முதல் நாளிலேயே கவனித்திருப்பீர்கள்.

ஓங்கு பண்பு என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. காசைச் சுண்டுவது மாதிரி, ஒவ்வொரு சுண்டலும் தனித்தனி. இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒருவருக்குக் கட்டாயம் வரும் என்பதில்லை. இருவருக்கும் வரலாம், இருவருமே தப்பலாம். அப்பாவை உரித்து வைத்த மாதிரி இருக்கும் பிள்ளைக்குத்தான் வரும் என்றொரு நம்பிக்கையும் குடும்பங்களில் உண்டு. மூக்கும் முழியும் கடத்துகிற மரபணுக்களுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

மாமாவின் விஷயம் வேறு. அது சிறுமூளையில் இல்லை. முதுகுத்தண்டை விட்டு வெளியே வந்து கை கால்களுக்குப் போகும் நரம்புகளில் இருக்கிறது. நீங்கள் வர்ணித்திருப்பது 'ஷார்கோ-மரி-டூத்' நோய்க்கு அச்சாகப் பொருந்துகிறது. 1886-ல் இதை விவரித்த மூன்று மருத்துவர்களின் பெயர் அது. பல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை, கடைசி மருத்துவரின் பெயர் டூத், அவ்வளவுதான். பரம்பரை நரம்பு நோய்களில் மிக அதிகமாகக் காணப்படுவது இதுதான். சுமார் 2,500 பேரில் ஒருவருக்கு என்று கணக்கு. நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இதற்குக் காரணமாகலாம் என்றாலும் பெரும்பங்கு ஒரே ஒரு காரணத்துக்கு: 17-ஆம் குரோமோசோமில் பிஎம்பி22 என்ற மரபணு அடங்கிய துண்டு ஒரு பிரதி கூடுதலாக இருப்பது. 1991-ல் கண்டுபிடித்தார்கள். இந்த மரபணுவில் எனக்குப் பிடித்த விசித்திரம் ஒன்று உண்டு. ஒரு பிரதி கூடினால் நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் உறை கெட்டு மாமாவின் நோய் வருகிறது. அதே துண்டு ஒரு பிரதி குறைந்தால் வேறொரு நோய்: கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாலோ முழங்கையை ஊன்றினாலோ நரம்பு நசுங்கி, சில நாட்களுக்கோ வாரங்களுக்கோ கை கால் செயலற்றுப் போகும். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை, அளவு ஒன்றுதான் பிசகு. ரசத்தில் உப்பு மாதிரி என்று நினைத்துக்கொள்ளலாம்.

மாமாவுக்கு முதலில் தேவை மரபணுச் சோதனையே அல்ல, நரம்பு மின்கடத்தல் சோதனை. கை நரம்பில் வேகம் நொடிக்கு 38 மீட்டருக்குக் கீழே இருந்தால் மயலின் வகை. அப்போது பிஎம்பி22-ஐ முதலில் பார்க்க வேண்டும். கூடுதல் பிரதியையும் சாதாரண எக்ஸோம் தவறவிடக்கூடும் என்பதால், பிரதிகளை எண்ணும் எம்எல்பிஏ சோதனையைக் கேளுங்கள். உங்களுக்கு இதில் ஆபத்து உண்டா என்பது அம்மாவைப் பொறுத்தது. அம்மாவின் பாதத்தையும் கெண்டைக்காலையும் பாருங்கள். அவருக்கும் மின்கடத்தல் சோதனை செய்து சாதாரணமாக இருந்தால், பிஎம்பி22 கூடுதல் பிரதி அவரிடம் இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அந்த வகையில் வேகக் குறைவு குழந்தைப் பருவத்திலேயே வந்துவிடும். விதிவிலக்கு எக்ஸ் குரோமோசோமில் வரும் வகை. அதில் பெண்களுக்கு மிக லேசாக இருக்கும், சோதனையில் பிடிபடாமலும் போகலாம், ஆனால் மகனுக்குக் கடத்துவார்கள். அதனால் மாமாவின் மரபணு விடை உங்களுக்கும் உபயோகப்படும்.

மாமாவிடம் ஒன்றை இப்போதே சொல்லிவையுங்கள். என்றைக்காவது புற்றுநோய்ச் சிகிச்சை தேவைப்பட்டால், தனக்கு இந்த நரம்பு நோய் இருக்கிறது என்பதை மருந்து ஏற்றுவதற்கு முன் அவர் சொல்லியாக வேண்டும். வின்கிரிஸ்டின் என்ற மருந்து இந்த நோயாளிகளின் நரம்பைக் கடுமையாகத் தாக்கும். பாதம் லேசாகத் தொங்கியவர் எழுந்து நடக்க முடியாமல் போன சம்பவங்கள் மருத்துவ இலக்கியத்தில் உண்டு.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவைக்கிறேன். உங்கள் அப்பாவும் அம்மாவும் திருமணத்துக்கு முன்பே ரத்த உறவா? இல்லையென்றால் இரண்டும் இரண்டு தனி நோய்கள், ஒன்றோடொன்று கூடிப் பெருகாது. உறவு என்றால் ஒடுங்கு வகைகளையும் யோசிக்க வேண்டியிருக்கும். ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியாவிலும் பாதம் வளையும் என்பதால் மருத்துவர் மாமாவையும் நேரில் பார்க்க விரும்புவார்.

'வில்சன் நோய்: கேரியர்' என்ற வரிக்காகப் பயப்பட வேண்டாம். அது உங்களுக்கு நோய் என்று சொல்லவில்லை, நோய் வரும் என்றும் சொல்லவில்லை. வில்சன் ஒடுங்கு வகை நோய். 13-ஆம் குரோமோசோமில் உள்ள ஏடிபி7பி மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் உடம்பில் தாமிரம் தேங்கி ஈரலையும் மூளையையும் கெடுக்கும். உங்களுக்கு ஒன்று பழுது, மற்றது வேலை செய்கிறது, அது போதும். ஏறத்தாழ நூறு பேரில் ஒருவர் உங்களைப் போலத்தான், பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் கணவருக்கு அந்த ஒரு மரபணுவைச் சோதித்துவிடுங்கள். அவரும் கேரியர் என்றால் மட்டும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்போதும் மனமுடைய வேண்டியதில்லை. பரம்பரை அசைவு நோய்களிலேயே நல்ல சிகிச்சை இருக்கும் நோய் இது. தாமிரத்தை வெளியேற்றும் பெனிசிலமின், தாமிரத்தை உள்ளே விடாத துத்தநாகம் போன்ற மருந்துகளை அறிகுறி வருவதற்கு முன்பே தொடங்கினால் குழந்தை மற்ற குழந்தைகளைப் போலவே வளரும். (ஹன்டிங்டன், எஸ்சிஏ 1, வில்சன் மூன்றின் மரபணுக்களும் பிடிபட்டது ஒரே வருடத்தில், 1993-ல். எங்கள் துறைக்கு அது அறுவடை வருடம்.)

தம்பிக்கு இப்போது எந்தச் சோதனையும் வேண்டாம். கண்டிப்பாகச் சொல்கிறேன். பெரியவனான பிறகு வரக்கூடிய, முன்கூட்டியே அறிந்தாலும் தடுக்க மருந்தில்லாத நோய்க்கு, அறிகுறி இல்லாத சிறுவர்களைச் சோதிப்பதில்லை என்பது உலகெங்கும் மரபியல் மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் நெறி. பதினெட்டு தாண்டியபின் அவனே விரும்பிக் கேட்கட்டும், அல்லது கேட்காமலே இருக்கட்டும். வில்சன் நோய் உள்ள ஒருவரின் கூடப்பிறந்தவர்கள் என்றால் நானே குழந்தைகளைக் கூட்டிவரச் சொல்லியிருப்பேன், அங்கே மருந்து இருக்கிறது. வித்தியாசம் அதுதான்.

'கேட்காமலே இருக்கட்டும்' என்பது உங்களுக்கும் பொருந்தும். அப்பாவின் விடை வந்த மறுநாளே நீங்கள் ரத்தம் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. நான்சி வெக்ஸ்லர் என்ற அமெரிக்க ஆய்வாளரின் தாய் ஹன்டிங்டன் நோயால் இறந்தவர். வெனிசுலாவின் மரகைபோ ஏரிக்கரையில் அந்த நோய் மிகுந்த குடும்பங்களிடம் வருடக்கணக்கில் ரத்த மாதிரி சேகரித்த குழுவை அவர்தான் நடத்தினார். 1983-ல் மரபணு இருக்கும் இடமும் 1993-ல் மரபணுவே கையிலும் கிடைத்தன. அந்தச் சோதனைக்கு வழிவகுத்தவர்களில் ஒருவரான அவர், தனக்கும் நோய் இருப்பதை 2020-ல்தான் வெளியே சொன்னார். ஹன்டிங்டன் குடும்பங்களில் ஆபத்து உள்ளவர்களில் பெரும்பாலோர் இன்றைக்கும் சோதனையைச் செய்துகொள்ளாமலே வாழ்கிறார்கள். அறியாமையால் அல்ல, தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று யோசித்துத்தான். தெரிந்துவிட்டால் திருமணம், வேலை, வீடு எல்லாவற்றையும் தெளிவாகத் திட்டமிடலாம் என்று சோதனைக்கு வருபவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வகையினரும் எனக்குச் சரியாகத்தான் படுகிறார்கள். முறையான மையத்தில் சோதனைக்கு முன் ஒரு முறையாவது மரபியல் ஆலோசகரோடு உட்காரவைப்பார்கள், முடிவை நேரில்தான் சொல்வார்கள். எச்சில் மாதிரியைத் தபாலில் அனுப்பி, முடிவைக் கைபேசியில் திறந்து பார்க்கும் வழியில் இந்தச் சோதனையைச் செய்யவே செய்யாதீர்கள். ஆயுள் காப்பீடு எடுப்பதாக இருந்தால் சோதனைக்கு முன்பே அதைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள், விதிகள் நாட்டுக்கு நாடு மாறும்.

இனி குழந்தை. பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அனுமதி கொடுப்பதோ மறுப்பதோ என் வேலை அல்ல. என்னென்ன வழி இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். எந்தச் சோதனையும் இல்லாமல் பெற்றுக்கொள்ளலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். கர்ப்பத்தின் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவையோ, 15 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரையோ எடுத்துச் சோதிக்கலாம். இதில் ஒரு சிக்கலை முன்பே யோசிக்க வேண்டும். நீங்கள் உங்களைச் சோதித்துக்கொள்ளாமல் கருவை மட்டும் சோதித்து, கருவில் நீட்சி இருப்பதாக வந்தால், அதே நொடியில் உங்கள் விடையும் தெரிந்துபோகும். ஒரே நாளில் இரண்டு செய்தி. அதைத் தவிர்க்க விரும்புபவர்களுக்குச் சோதனைக்குழாய் முறையில் கருக்களை உருவாக்கி, நீட்சி இல்லாத கருவை மட்டும் கருப்பையில் வைக்கும் முறை இருக்கிறது. உங்கள் சொந்த நிலையை உங்களுக்குச் சொல்லாமலே இதைச் செய்து தரும் மையங்களும் உண்டு. செலவும் அலைச்சலும் அதிகம், முதல் முயற்சியிலேயே கரு தங்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. இந்த வழிகளில் சோதனை உள்ள எதுவாக இருந்தாலும், குடும்பத்தில் இருப்பது எந்த மரபணு என்று முதலில் தெரிந்தாக வேண்டும். மறுபடி அப்பாவிடம்தான் வந்து நிற்கிறோம்.

அப்பாவின் பேனலில் எதுவுமே வராவிட்டால்? அப்படியும் நடக்கும். அப்போதுதான் எக்ஸோம், அப்பாவுக்கு. கூடவே எஸ்சிஏ 27பி போன்ற பின்னாளில் தெரியவந்த நீட்சிகளுக்கான தனிச் சோதனை. அதிலும் விடை இல்லையென்றால் அவருடைய டிஎன்ஏவைச் சேமித்து வைக்கக் கேளுங்கள். நீளமான துண்டுகளாகப் படிக்கும் முறைகள் வந்துகொண்டிருக்கின்றன. இன்று பெயர் தெரியாத நோய்க்கு ஐந்து வருடம் கழித்துப் பெயர் தெரியலாம்.

சிகிச்சை பற்றி நீங்கள் கேட்கவில்லை. எஸ்சிஏவின் போக்கையே மாற்றும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்று இல்லை. பக்கத்து வீடுகளில் விளக்கெரியத் தொடங்கியிருக்கிறது. முதுகுத்தண்டுவடத் தசைச் சிதைவுக்கு 2016-லும், ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியாவுக்கு 2023-லும் அமெரிக்காவில் முதல் மருந்துகள் அனுமதி பெற்றன. அதுவரை அப்பாவுக்குச் செய்ய நிறைய இருக்கிறது. சமநிலைக்கான பயிற்சியைப் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டு தினமும் செய்தால் நடையில் வித்தியாசம் தெரியும், விட்டுவிட்டால் பலனும் போய்விடும். தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் பேச்சுப் பயிற்சியாளர் விழுங்கும் முறையையும் சொல்லித்தருவார். குளியலறையில் கைப்பிடி வையுங்கள். நரம்பு பலத்துக்கு என்று கொடுக்கும் ஊசிகளை, குறைபாடு இருப்பது ரத்தத்தில் தெரிந்தால் தவிர, நிறுத்திவிடலாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அப்பாவின் நடை இருக்கிறது, ஸ்கேன் இருக்கிறது, அவரைப் பார்த்து மற்றவர்கள் சொன்னது இருக்கிறது. அப்பா என்ன சொல்கிறார் என்பது மட்டும் இல்லை. எடுக்கப்போவது அவருடைய ரத்தம், விடையும் முதலில் அவருடையது. மகளுக்கும் மகனுக்கும் தன்னிடமிருந்து போயிருக்குமோ என்ற எண்ணம் உங்களுக்கு முன்பே அவருக்கு வந்திருக்கும். வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார். நரம்பியல் மருத்துவரிடம் நேரம் வாங்குவதற்கு முன் ஒரு நாள் அவரோடு உட்கார்ந்து, இப்படி ஒரு சோதனை இருக்கிறது, செய்துகொள்ள உங்களுக்குச் சம்மதமா என்று கேளுங்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றால் விட்டுவிடுங்கள், அவசரம் இல்லை. சரி என்றால், அவர் நடப்பதையும் திரும்புவதையும் ஒரு நிமிடம் கைபேசியில் பதிவு செய்துகொண்டு, உங்கள் ரிப்போர்ட்டையும் அதன் பின்பக்கத்தோடு சேர்த்து எடுத்துக்கொண்டு, இருவருமாகப் போய் வாருங்கள்.